விரலை நீட்டிப் பார்த்தீர்களா? எலும்பு முறிவு: கேள்வி பதில்

கடலூர்ப் பக்கம் எலும்பு மருத்துவராக இருக்கிறேன். விபத்து, எலும்பு முறிவு பற்றி எதையும் கேளுங்கள் என்று சொன்னதில் கேள்விகள் குவிந்துவிட்டன. திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இங்கே பதில். எக்ஸ்ரேயைப் போனில் படமெடுத்து அனுப்பி, ‘ஆபரேஷன் வேணுமா சார்?’ என்று கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். ஆளைத் தொட்டுப் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல மாட்டேன்.

கேள்வி (தவளக்குப்பம், பைக் மெக்கானிக்): எங்கள் கடைக்கு எதிரே விபத்து. ஒரு பையனுக்குத் தொடை வளைந்து கிடந்தது. நாலு பேர் சேர்ந்து தூக்கி, ஆட்டோவில் உட்கார வைத்து, சோடா கொடுத்து அனுப்பினோம். செய்தது சரியா டாக்டர்?

பதில்: நின்று உதவியதே பெரிது தம்பி. ஆனால் அடுத்த முறை, தூக்குவதற்கு முன் அவன் பெயரைக் கேளுங்கள். தெளிவாகச் சொன்னால் மூச்சும் மூளையும் இப்போதைக்குப் பரவாயில்லை. ரத்தம் கொட்டும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். வளைந்த தொடை எல்லோர் கண்ணையும் இழுத்துவிடும்; அதற்குள் நெஞ்சிலோ வயிற்றிலோ இடுப்பெலும்பிலோ பட்ட அடி ஆளைக் கொன்றுவிடும்.

தொடை எலும்பு முறிந்தால் வெளியே ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் உள்ளேயே ஒன்று, ஒன்றரை லிட்டர் ரத்தம் தேங்கும். உடம்பில் இருப்பதே ஏறத்தாழ ஐந்து லிட்டர்தான். முகம் வெளுத்து, வியர்த்து, நாடி வேகமாக ஓடினால் ‘பையன் பயந்துட்டான்’ என்று விட்டுவிடாதீர்கள். ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்தால் உடைந்த முனை வழியெல்லாம் சதையைக் குத்திக்கொண்டே போகும். கழுத்து திரும்பாமல் படுக்கவிட்டு, அடிபட்ட காலை நல்ல காலோடு சேர்த்துத் துண்டால் கட்டி, 108-ஐக் கூப்பிடுங்கள். சோடா வேண்டவே வேண்டாம். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது அது வாந்தியாகி நுரையீரலுக்குள் போகலாம்.

முதலில் உயிர், அப்புறம் எலும்பு என்ற இந்த வரிசையை உலகம் முழுக்கப் பாடமாக்கியது ஒரு எலும்பு மருத்துவருக்கு நேர்ந்த விபத்துதான். 1976-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஜேம்ஸ் ஸ்டைனர் ஓட்டிவந்த சிறு விமானம் வயலில் விழுந்தது. மனைவி இறந்தார், பிள்ளைகளுக்குப் பலத்த அடி. அங்கே கிடைத்த சிகிச்சையைப் பார்த்து அவர் கொதித்துப் போனதன் விளைவுதான் 1978-இல் தொடங்கிய ஏ.டி.எல்.எஸ்., அதாவது அடிபட்டவரின் உயிரைக் காக்க மருத்துவர்களுக்குத் தரும் பயிற்சி.

கேள்வி (ரெட்டிச்சாவடி): கொண்டுபோய்ச் சேர்த்தால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டி வருமே?

பதில்: வராது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 134ஏ பிரிவு உங்களுக்குப் பாதுகாப்பு. பெயர், முகவரி சொல்லச் சொல்லி யாரும் வற்புறுத்தக் கூடாது. உங்கள் ஊர் புதுச்சேரி எல்லையோரம் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன்: விபத்து தமிழ்நாட்டுக்குள் நடந்திருந்தால், ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்குக் காசு கேட்க மாட்டார்கள். அடிபட்டவர் புதுச்சேரிக்காரராக இருந்தாலும் சரி.

கேள்வி (பண்ருட்டி): மகனுக்கு ஆறு வயது. மதில் மேலிருந்து விழுந்து முழங்கைக்கு மேல் முறிவு, மாவுக்கட்டு போட்டார்கள். ராத்திரி முழுக்கக் கத்துகிறான். முதல் நாள் அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள்.

பதில்: இந்த அம்மாவுக்கு அன்றைக்கே போன் செய்துவிட்டேன். கட்டைப் பிளந்துவிட்டார்கள், பையன் தேறிவிட்டான். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

அடிபட்ட சதை வீங்கும். அதைச் சுற்றியிருக்கும் உறை நீளாது. மேலே இறுக்கமான கட்டும் சேர்ந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, சதைக்குள் ரத்தம் நுழைய முடியாமல் போகும். ஆறு மணி நேரம் தாண்டினால் செத்த சதை பிழைக்காது. ஜெர்மானிய மருத்துவர் ஃபோல்க்மன் 1881-இலேயே இதை எழுதி வைத்தார். இன்றும் வருகிறது.

பல வருடத்துக்கு முன் ஒரு சிறுவனைக் கூட்டிவந்தார்கள். முன்கையில் மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டிய கட்டு, நாலாவது நாள். கத்தரித்து எடுத்தபோது துணியின் நெசவு தோலில் அச்சாகப் பதிந்திருந்தது. விரல்கள் உள்பக்கம் மடங்கி விறைத்திருந்தன. விரல் நுனியில் ஊசியால் குத்தினேன். அவன் என் சட்டைப்பையில் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எலும்பு நன்றாகவே கூடியது. கைதான் போய்விட்டது.

நாட்டுக் கட்டுக்காரர்களை மட்டும் சொல்லவில்லை, ஆஸ்பத்திரி மாவுக்கட்டு இறுகினாலும் இதே கதைதான். மடங்கிய விரலை நீங்கள் மெல்ல நீட்டிவிடும்போது குழந்தை துடித்தால், மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போனால், மரத்துப் போனால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நாடி தட்டுகிறதே என்றும் ஏமாறாதீர்கள், கடைசிவரை தட்டும். ராத்திரி இரண்டு மணியானாலும் போய், உள்ளே இருக்கும் பஞ்சு வரைக்கும் கட்டைப் பிளக்கச் சொல்லுங்கள். எலும்பு நாலு நாள் காத்திருக்கும், ரத்த ஓட்டம் காத்திருக்காது.

கேள்வி (தேவனாம்பட்டினம், மீனவர்): போட்டில் கயிறு இழுத்து அண்ணனுக்குக் கால் எலும்பு வெளியே வந்துவிட்டது. காப்பித்தூள் வைத்துக் கட்டிக் கொண்டுவந்தோம்.

பதில்: காப்பித்தூள், மஞ்சள், ஆயில் எதுவும் வேண்டாம். அதையெல்லாம் கழுவி எடுக்கவே எங்களுக்குத் தனி நேரம் போகும். எலும்பை உள்ளே தள்ளவும் கூடாது. நல்ல தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியால் மூடி, அசையாமல் கட்டிக் கொண்டுவாருங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் கிருமிக்கொல்லி ஊசி ஏறினால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. காயத்தில் கடல் தண்ணீர் பட்டதை மறக்காமல் சொல்லுங்கள், மருந்தே மாறும். இவ்வளவு சிதைந்த காலைக் காப்பாற்றலாமா, எடுப்பதா என்று கணக்கிட உலகம் பயன்படுத்தும் அளவுகோல்களில் ஒன்று நம் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் உருவானது. சும்மா ஒரு பெருமைக்குச் சொன்னேன்.

கேள்வி (வில்லியனூர்): ஆயாவுக்கு 78 வயது. பாத்ரூமில் வழுக்கி இடுப்பில் முறிவு. இந்த வயதில் ஆபரேஷன் தாங்குமா?

பதில்: படுக்கையில் கிடப்பதைத்தான் தாங்காது. முதுகில் புண், நெஞ்சில் சளி, காலில் ரத்தக்கட்டி என்று ஒவ்வொன்றாக வரும். முடிந்தால் 48 மணி நேரத்துக்குள் செய்து, மறுநாளே பிடித்து உட்கார வைக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று பார்த்து முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம், எலும்பு பலத்துக்கு மருந்து எழுதாமல் வீட்டுக்கு அனுப்பினால், நீங்களே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (மஞ்சக்குப்பம்): ஆட்டுக்கால் சூப் குடித்தால் சீக்கிரம் கூடுமா?

பதில்: ருசிக்குக் குடியுங்கள். அதில் கால்சியம் கொஞ்சம்தான். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. கூழுக்குத் தொட்டுக்கொள்ள முள்ளோடு நெத்திலிக் கருவாடு இருந்தால் இன்னும் நல்லது. பீடி, சிகரெட்டை நிறுத்துங்கள், எலும்பு கூடுவதை அதுதான் இழுத்தடிக்கும்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): கிரிக்கெட்டில் கை ஊன்றி விழுந்தேன். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. ஆனால் மணிக்கட்டு வலிக்கிறது.

பதில்: கட்டைவிரலை நன்றாக விரித்தால் அதன் அடியில் ஒரு குழி தெரியும். அங்கே அழுத்திப் பாருங்கள். வலித்தால், ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பில் கீறல் இருக்கலாம். பல பேருக்கு முதல் நாள் எக்ஸ்ரேயில் அது தென்படாது, விட்டால் கூடாமலே நின்றுவிடும். கட்டைவிரலோடு சேர்த்துக் கட்டு போட்டுக்கொண்டு, பத்துப் பதினாலு நாளில் மறுபடி எக்ஸ்ரே எடுங்கள். அதுவரை பேட்டைத் தொட வேண்டாம், அம்பயராக நில்லுங்கள்.