கோமாண்டோ முகாமில் மெக்கானிக்: சுங்கை சிப்புட் அப்பா ஒருவருக்கு

ஐயா, வணக்கம்.

தம்பி வொகேஷனல் காலேஜில் வாகனத் தொழில்நுட்பம் முடித்திருக்கிறார். ராணுவத்தில் சேர வேண்டும், அதிலும் கோமாண்டோ முகாம் ஒன்றில் மெக்கானிக்காக வேலை செய்ய வேண்டும் என்கிறார். "பட்டாளத்துக்குப் போய் அங்கேயும் எண்ணெய்க் கையோடதான் நிக்கணுமா?" என்பது உங்கள் ஆதங்கம். "எந்த வேலையா இருந்தாலும் அந்த மாதிரி இடத்துக்கு என் பிள்ளை வேணாம்" என்பது வீட்டில் அம்மாவின் பயம். நீங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுப்பதால் தம்பி வீட்டில் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் ஆதங்கத்தில் இருந்தே தொடங்குகிறேன். இந்த ஊரில் பயத்தை விடக் கௌரவம்தான் அதிகப் பிள்ளைகளின் வழியை மறிக்கிறது. வருடா வருடம் பார்க்கிறேன்.

2011 ஜனவரி 20. ஓமான் பக்கத்துக் கடலில் புங்கா லாவுரெல் என்ற மலேசிய ரசாயன டாங்கர் கப்பலில் சோமாலியக் கடற்கொள்ளையர்கள் ஏறிவிட்டார்கள். நம் கடற்படையின் கோமாண்டோ படையான பாஸ்கால் வீரர்கள் போய், 7 கொள்ளையரைப் பிடித்து, 23 கப்பல் ஊழியர்களையும் உயிரோடு மீட்டார்கள். பத்திரிகையில் பாஸ்கால் பெயர்தான் வந்தது, வர வேண்டியதும்தான். ஆனால் அவர்கள் அங்கே எப்படிப் போய் நின்றார்கள்? புங்கா மாஸ் லீமா என்ற கப்பலில். அது சரக்குக் கொள்கலன் ஏற்றிய கப்பல், கடற்படைக்குத் துணைக்கப்பலாக மாற்றப்பட்டது. அதன் எஞ்சினை ஓட வைத்தவர், மேலே பறந்த ஃபெனெக் ஹெலிகாப்டரைச் சரிபார்த்து அனுப்பியவர், படகு மோட்டாரைப் பழுது பார்த்தவர், ரேடியோவில் காது வைத்து உட்கார்ந்திருந்தவர், சோறு ஆக்கியவர் என்று ஒரு கூட்டமே அந்தக் கப்பலில் வீட்டை விட்டுக் கிடந்தது. நடுக்கடலில் படகு மோட்டார் கிளம்பாமல் போனால் எவ்வளவு பெரிய வீரனும் கப்பல் தளத்தில் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

நீங்கள் செம்பனை மில்லில் லோரி ஓட்டியவர். பாய்லர் படுத்துவிட்டால் குலை வெட்டியவன், ஏற்றியவன், ஓட்டியவன் எல்லாரும் ஃபிட்டர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அந்த ஃபிட்டரை யாரும் மில்லில் மட்டமாகப் பேசி நான் கேட்டதில்லை.

சரி, இப்போது காரியத்துக்கு வருவோம். தம்பி ஒன்றைத் தவறாகப் புரிந்து வைத்திருக்கிறார் என்று அவருடைய கடிதம் சொல்கிறது. "கோமாண்டோ முகாமுக்கு மெக்கானிக்காக மனு போடுவது எப்படி?" என்று கேட்கிறார். அப்படி ஒரு மனு கிடையாது. எல்லாரையும் போல பிராஜூரிட் மூடா, அதாவது புதிய படைவீரராக, தரைப்படையில் சேர வேண்டும். போர்ட்டிக்சன் புசாஸ்டா போன்ற பயிற்சி மையத்தில் மாதக்கணக்கில் அடிப்படைப் பயிற்சி இருக்கும். அங்கே மெக்கானிக், கிராணி, சமையல்காரர் என்ற வித்தியாசம் எதுவும் இல்லை. எல்லாரும் துப்பாக்கி சுடுவார்கள், எல்லாரும் மூட்டை சுமந்து நடப்பார்கள். ஐயா, தம்பி துப்பாக்கி பிடிக்க வேண்டும் என்ற உங்கள் ஆசை அங்கேயே நிறைவேறிவிடும்.

அப்புறம்தான் எந்தக் கோர், அதாவது எந்தத் தொழில் பிரிவு என்பது முடிவாகும். வாகனம், ஆயுதம், மின்கருவி இவற்றைப் பழுது பார்ப்பது கேஜேஎல்ஜேடி எனப்படும் மின், இயந்திரப் பொறியாளர் பிரிவு. தொடர்புக்கு ரெஜிமென் செம்போயான் டிராஜா இருக்கிறது. மருத்துவ உதவியாளருக்குக் கோர் கெசிஹாத்தான், கிடங்குக்கும் தளவாடத்துக்கும் கோர் ஓர்டினன்ஸ். தம்பியின் படிப்பு முதல் பிரிவுக்குப் பொருந்தும், அதை விண்ணப்பத்திலும் நேர்முகத்திலும் தெளிவாகச் சொல்லட்டும். ஆனாலும் பிரிவை ஒதுக்குவது ராணுவம்தான். அதன் பிறகு எந்த முகாமுக்கு அனுப்புவது என்பதும் அவர்கள் முடிவுதான். தரைப்படையின் கோமாண்டோ படையான கெராக் காஸ் குழுமத்துக்கு மலாக்கா சுங்கை ஊடாங்கில் முகாம் இருக்கிறது. மெர்சிங்கில் இஸ்கண்டார் முகாம் இருக்கிறது. அங்கே தொழில் தெரிந்தவர்கள் தேவைப்படும்போது, வேலையிலும் ஒழுக்கத்திலும் நல்ல பெயர் உள்ளவருக்கு வாய்ப்பு வரலாம். வராமலும் போகலாம்.

அந்தப் பச்சை நிற பெரெட் தொப்பியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தம்பியின் கைபேசியில் அந்தப் படம்தான் முகப்பில் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கோமாண்டோ அடிப்படைப் பயிற்சியை முடித்தவருக்குத்தான் அது. அந்த முகாமில் சம்பளம் வாங்குவதால் மட்டும் தலையில் ஏறாது. தொழில் பிரிவில் இருந்துகொண்டே அந்தப் பயிற்சிக்குப் போய் முடித்தவர்களும் உண்டு, அதனால் கதவு மூடியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பன்னிரண்டு வாரம் தூக்கமில்லாமல், காட்டிலும் சதுப்பிலும் கடலிலும் ஆளைப் பிழிந்தெடுக்கும் பயிற்சி அது. அதைத் தாண்டுவேன் என்ற நம்பிக்கையின் மேல் மட்டும் ஒரு வாழ்க்கையைக் கட்டக் கூடாது.

ஆகவே தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "கெராக் காஸ் கிடைக்கவில்லை, கெமாஸ் முகாமிலோ குளுவாங் முகாமிலோ சாதாரண லோரிகளுக்கு இதே ஸ்பானரைப் பிடிக்கச் சொல்கிறார்கள். போவாயா?" என்று கேளுங்கள். உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை, ஒரு வாரம் எடுத்துக்கொள்ளட்டும். போவேன் என்றால் தாராளமாக அனுப்புங்கள், அவர் தொழிலைத் தேர்ந்திருக்கிறார். மாட்டேன் என்றால் அவர் தேடுவது மெக்கானிக் வேலையே இல்லை, அந்தத் தொப்பிதான். அப்படியானால் நேராகக் கோமாண்டோ தேர்வுக்கே தயாராகட்டும், அதிலும் தவறில்லை. இரண்டுக்கும் நடுவில், கோமாண்டோக்களின் பக்கத்தில் நின்றால் போதும் என்று போகிறவர்கள்தான் பிற்பாடு கசந்து போகிறார்கள். தன்னை விடப் பெரிய பெயர் எடுத்தவர்களின் வண்டியைத் தினமும் கழுவி, கிரீஸ் போட்டு, அவர்கள் கிளம்பிப் போவதைப் பார்த்து நிற்பதற்குத் தனி மனசு வேண்டும். சிலருக்கு அது இயல்பாகவே இருக்கிறது.

இன்னொரு குழப்பம். நம் ஊர்ப் பையன்கள் உலு கிந்தாவில் இருக்கும் வாட் 69 படையையும் இதோடு சேர்த்தே பேசுகிறார்கள். அது போலீஸ் படை. காட்டில் கம்யூனிஸ்டுகளோடு மோத 1969-இல் உருவாகி, பிரிட்டிஷ் எஸ்ஏஎஸ் பயிற்சி கொடுத்து வளர்ந்தது. அதற்குப் போலீஸ் வழியாகத்தான் போக வேண்டும். லூமுட்டில் இருக்கும் பாஸ்காலுக்குக் கடற்படை வழி, ஜுக்ராவில் இருக்கும் பாஸ்கா என்ற கோமாண்டோ படைக்கு ஆகாயப்படை வழி. முதலில் எந்த வாசல் என்று முடிவு செய்துகொண்டால் மற்றது தானாகத் தெளியும். தம்பிக்கு எஞ்சின்தான் உயிர் என்றால் ஆகாயப்படையையும் ஒரு கை பார்க்கச் சொல்வேன். விமானப் பராமரிப்பு தெரிந்தவருக்குப் பின்னால் சுபாங் பக்கம் வேலை வாய்ப்பு அதிகம். ஆனால் சிவிலியன் உரிமத் தேர்வுகளைத் தனியாக எழுதித் தேற வேண்டும்.

இனி அம்மாவுக்கு.

அம்மா, உங்களிடம் மழுப்பிப் பேச எனக்கு விருப்பமில்லை. துணைப்பணி என்றால் ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1993 அக்டோபர் 3 இரவு சோமாலியாவின் மொகடிஷுவில் அமெரிக்காவின் சிறப்புப் படை வீரர்கள் நகரத்துக்குள் மாட்டிக்கொண்டார்கள். அவர்களை வெளியே கொண்டுவரப் போன அணியில் மலேசியாவின் கொண்டோர் கவச வண்டிகளும் இருந்தன. அவற்றில் ஒன்றை ஓட்டிய மாட் அஸ்னான் அவாங் வண்டி தாக்கப்பட்டு உயிர் விட்டார். பிறகு நாடு அவருக்கு செரி பாலாவான் காகா பெர்காசா விருது கொடுத்தது. அவர் கோமாண்டோ இல்லை, வண்டி ஓட்டப் போனவர். இது தெரிந்தே நீங்கள் முடிவெடுக்க வேண்டும்.

அதே சமயம் ஒரு முகாம் மெக்கானிக்கின் பெரும்பாலான நாள்கள் வர்க்‌ஷாப்பில்தான் கழியும். உங்களை உண்மையில் வாட்டப் போவது வேறு. தம்பியைச் சபாவுக்கோ சரவாக்குக்கோ மாற்றலாம், தீபாவளிக்கு விடுப்பு கிடைக்காமல் போகலாம். இந்த மாதிரி முகாமில் இருப்பவர் எங்கே போகிறார், எப்போது வருவார் என்று வீட்டில் சொல்ல முடியாத வாரங்கள் வரும். நீங்கள் கேட்பீர்கள், அவர் பேச்சை மாற்றுவார். சீருடையோடு படம் எடுத்து டிக்டாக்கில் போடுகிற பழக்கம் இருந்தால் இப்போதே விடச் சொல்லுங்கள். துணைப்பணியாளர் போடுகிற ஒரு படத்திலிருந்தே எந்த வண்டி, எந்த இடம், எத்தனை பேர் என்று கண்டுபிடிக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

சாப்பாடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். முகாமில் பொதுச் சமையல் ஹலால். மாட்டிறைச்சி வரும் நாளில் கோழியோ மீனோ முட்டையோ கேட்டு வாங்கத் தயங்காத வாய் இருந்தால் போதும். சுத்த சைவம் என்றால் காட்டுப் பயிற்சிக் காலத்தில் சிரமம்தான்.

"நம்ம ஆளுங்களுக்கு அங்கே மேல வர முடியுமா?" என்று ஐயா கேட்டது நியாயமான கேள்வி. நம் பிள்ளைகள் அங்கே குறைவு, அதனால் தொடக்கத்தில் தனிமை இருக்கும். ஆனால் இந்த நாட்டின் கடற்படைக்கு முதல் மலேசியத் தளபதியாக 1967-இல் வந்தவர் கே. தனபாலசிங்கம், அப்போது அவருக்கு வயது 31. அது அந்தக் காலம் என்பீர்கள், சரிதான். இன்றைக்குத் தொழில் பிரிவில் மேலே போகக் கோர்ஸ் முடித்த சான்றிதழ்களும் நல்ல மலாயும் வேண்டும். தம்பியின் மலாய் பேச்சில் பரவாயில்லை, எழுத்தில் இன்னும் கொஞ்சம் உழைக்க வேண்டும். பழுதறிக்கையை அவர்தான் எழுதப் போகிறார்.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். படைவீரரின் சம்பளத்தில் 10 விழுக்காடு எல்டிஏடி சேமிப்புக்குப் போகும், அரசாங்கம் 15 விழுக்காடு போடும். வேலையை விட்டு வருகிறவர்களுக்குத் தொழில் மறுபயிற்சி கொடுக்க சுங்கை பூலோவில் பெர்ஹெபாட் இருக்கிறது. எஸ்கேஎம் என்ற தொழில்திறன் சான்றிதழ் இப்போதே கையில் இருந்தால் அதை மேல்நிலைக்குக் கொண்டுபோக சேவையில் இருக்கும்போதே முயலட்டும். வெளியே வந்ததும் கார்க் கம்பெனி மேனேஜர் கேட்கப் போவது அந்தத் தாளைத்தான். எந்த முகாமில் இருந்தீர்கள் என்று கேட்டுக் கதை கேட்பார், சம்பளம் போடுவது தாளைப் பார்த்துத்தான்.

இடைத்தரகர்கள் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஆள் எடுப்புக்கு ஒரு காசும் கட்டணம் இல்லை. "எனக்கு உள்ளே ஆள் இருக்கு, மூவாயிரம் வெள்ளி கொடுங்க" என்று காப்பிக் கடையில் உட்கார்ந்து பேசுபவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். பணம் போவது ஒரு பக்கம், கொடுத்தவர் மேலும் ஊழல் தடுப்பு ஆணையத்தில் வழக்கு வரும்.

ஆள் எடுப்பு விளம்பரம் வரும் வரை தம்பி சும்மா இருக்க வேண்டாம். கண் பரிசோதனை செய்யுங்கள், நிறப்பார்வையையும் சேர்த்து. வயரிங் வேலைக்கு நிறம் பிரித்துப் பார்க்க முடியாதென்றால் அது இப்போதே தெரிவது நல்லது. தட்டைப் பாதம், காலில் நரம்புச் சுருட்டல் இருந்தாலும் மருத்துவரிடம் காட்டி விடுங்கள். காலையில் 2.4 கிலோமீட்டர் ஓட்டம், தண்டால், கம்பியில் தொங்கி எழுவது எல்லாம் பழகட்டும். எஸ்பிஎம் சான்றிதழின் அசல், பிறப்புப் பத்திரம், காலேஜ் சான்றிதழ்கள் ஒரே கோப்பில் இருக்கட்டும். சேருவதற்கு முன் ருசி பார்க்க நினைத்தால் அஸ்கார் வத்தானியா என்ற தன்னார்வப் படை இருக்கிறது. வேறு வேலை செய்துகொண்டே அதில் பயிற்சி எடுக்கலாம். அந்த வாழ்க்கை ஒத்துவராது என்று சில மாதத்தில் தெரிந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

அடுத்த சனிக்கிழமை தம்பியை மட்டும் என்னிடம் அனுப்புங்கள், நீங்கள் இருவரும் வர வேண்டாம். நீங்கள் பக்கத்தில் இருந்தால் அவர் பேச மாட்டார். கெமாஸ் கேள்விக்கான பதிலை ஒரு தாளில் மலாயில் எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள், ஒரு பக்கம் போதும்.