ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் முடிவை வைத்து அடுத்த தேர்தலைக் கணிக்கலாமா?

கேள்வி: 2014 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் பிரிட்டனில் யூகிப் கட்சிதான் (ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகக் கோரிய கட்சி) முதலிடம். மறு ஆண்டு பொதுத்தேர்தலில் அதற்குக் கிடைத்தது ஒரே ஒரு இடம். ஓராண்டுக்குள் வாக்காளர்கள் மனம் மாறிவிட்டார்களா?

பதில்: பெரிதாக மாறியது மனமல்ல, வாக்குப்பதிவு. சதவீதத்தை ஒதுக்கிவிட்டு வாக்கு எண்ணிக்கையைப் பாருங்கள். 2014இல் யூகிப் பெற்றது சுமார் 43.8 லட்சம், 2015இல் 38.8 லட்சம். சரிவு 5 லட்சம்தான். ஆனால் வாக்குப்பதிவு 35 சதவீதத்திலிருந்து 66 சதவீதமாக உயர்ந்ததால், கட்சியின் பங்கு 27இலிருந்து 13க்கு இறங்கியது. முதல் தேர்தலில் வீட்டிலேயே இருந்துவிட்ட மற்ற கட்சிக்காரர்கள் அடுத்ததில் வந்து வாக்களித்தார்கள்.

ஆகவே எப்போதும் கட்சியின் வாக்கை மொத்தப் பதிவு வாக்காளர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். யூகிப்புக்கு அது ஏறத்தாழ 9.4 சதவீதம், பிறகு 8.4. இதிலும் ஒரு பொறி உண்டு: நிகர எண்ணிக்கை நெருங்கியிருப்பதால் வாக்களித்தவர்களும் அதே ஆட்கள் என்று ஆகாது. கன்சர்வேட்டிவ் கட்சிக்குத் திரும்பியவர்களும் உண்டு, புதிதாக வந்தவர்களும் உண்டு. அதை அறிய, ஒரே நபர்களிடம் இரு தேர்தலிலும் கேட்ட சர்வே வேண்டும். வாக்களிக்காதவர்களில் சிலர் வாக்களித்ததாகவே சொல்வார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நாட்டின் ஆட்சி யார் கைக்குப் போகும் என்பதை ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் தீர்மானிப்பதில்லை. அதனால்தான் அரசியல் ஆய்வாளர்கள் ராய்ஃப், ஷ்மிட் இருவரும் 1980இல் இதை 'இரண்டாம் நிலைத் தேர்தல்' என்றார்கள். ஆளுங்கட்சி அடி வாங்கும், சிறு கட்சிகள் வளரும். பதவிக்காலத்தின் நடுவில் அடி பலமாக விழும். ஆட்சிக்கு வந்த சில மாதங்களில் லேசாக விழும். தேதியைப் பார்க்காமல் 'அரசின் மீது கோபம்' என்று எழுதிவிடாதீர்கள்.

தேதிக்கு இன்னொரு வேலையும் உண்டு. லித்துவேனியாவில் வாக்குப்பதிவு 2009இல் 21 சதவீதம், 2014இல் 47, 2019இல் 53, 2024இல் 29. நடுவிலுள்ள இரு முறையும் அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்று அதே நாளில் நடந்தது. மற்ற இரு முறையும் அதிபர் தேர்தல் சில வாரங்களுக்கு முன்பே முடிந்துவிட்டது. ஐரோப்பா மீதான ஆர்வம் ஏறி இறங்கியதாக இதை வாசிப்பது தவறு.

கடைசியாகத் தேர்தல் முறை. ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு விகிதாசார முறை (வாக்குப் பங்குக்கு ஏற்ப இடங்கள்) கட்டாயம். பிரான்சில் 2024 ஜூனில் 31 சதவீதம் பெற்ற தேசியப் பேரணிக் கட்சி, அடுத்த மாதம் நாட்டின் நாடாளுமன்றத் தேர்தலில், தொகுதிவாரி இரண்டாம் சுற்றில், இட எண்ணிக்கையில் மூன்றாம் இடத்துக்குப் போனது. அதன் வாக்கு குறையவில்லை. எதிரணியில் 200க்கும் மேற்பட்ட வேட்பாளர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து விலகினார்கள். யூகிப்பின் வாக்குப் பங்கு சரிந்த கதையும் இதுவும் ஒன்றுபோலத் தெரிந்தாலும், காரணம் வேறு.