நடுவுல 14 வருஷம் என்ன நடந்துச்சு?

கேள்வி: சார், என் பையன் பத்தாங்கிளாஸ். சோசியல்ல ரெண்டு உலகப்போரும் வருது. 'வெர்செய்ல்ஸ் உடன்படிக்கையால ஹிட்லர் வந்தார்'னு கைடுல ஒரு வரி இருக்கு, நானும் அதையே அஞ்சு வாட்டி எழுதச் சொன்னேன். "உடன்படிக்கை 1919, அவர் வந்தது 1933, நடுவுல 14 வருஷம் என்னம்மா நடந்துச்சு?"ன்னு கேக்குறான். எனக்கு பதில் தெரியல.
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: அம்மா, முதல்ல பையனைத் தட்டிக்குடுங்க, வரலாறு படிக்கிறவன் கேக்க வேண்டிய கேள்வியே அதுதான்.

கைடு சொல்றது முழுப்பொய் இல்ல, ஆனா நடுவுல இருக்கிற படியெல்லாம் காணோம். முதல் உலகப்போர் முடிஞ்சு போட்ட அந்த உடன்படிக்கையால தோத்த ஜெர்மனி தலையில போர்ப் பழியும் இழப்பீடும் விழுந்துச்சு, ஜனங்களுக்குக் கோவம், அது நெசம். இழப்பீடு சரியா வரலைன்னு 1923ல பிரான்ஸும் பெல்ஜியமும் ஜெர்மனியோட தொழிற்சாலைப் பகுதியான ரூருக்குள்ள படையோட பூந்தாங்க, அங்க தொழிலாளிங்க வேலைக்குப் போகாம எதிர்த்து நின்னாங்க, அவங்களுக்குப் படியளக்க அரசாங்கம் நோட்டா அடிச்சுத் தள்ளுச்சு. போருக்கு முன்னாடி ஒரு டாலருக்கு ஜெர்மன் காசு 4 மார்க் சொச்சம், அந்த நவம்பர்ல 4 லட்சத்து 20 ஆயிரம் கோடி மார்க்! ஆயுசெல்லாம் சேத்து வெச்ச காசு குப்பையாச்சு.

அதே மாசம் ஹிட்லர் மியூனிக்ல ஆட்சியப் பிடிக்கப் பாத்தார், தோத்து ஜெயிலுக்குத்தான் போனார். புது மார்க் வந்துச்சு, அமெரிக்கக் கடன் வந்துச்சு, நிலைமை சீராச்சு, 1928 தேர்தல்ல ஹிட்லரோட நாஜிக் கட்சிக்கு 3 சதவீத ஓட்டு கூட இல்ல. வெர்செய்ல்ஸ் அப்பவும் இருந்துச்சே! அப்புறம் 1929ல நியூயார்க் பங்குச்சந்தை விழுந்துச்சு, கடன் குடுத்தவங்க திருப்பிக் கேட்டாங்க, தொழிற்சாலைங்க மூடுச்சு, 1932 ஆரம்பத்துல 60 லட்சம் பேருக்கு வேலை இல்ல, அந்த ஜூலையில அதே கட்சிக்கு 37 சதவீதம். அப்பவும் மெஜாரிட்டி இல்ல, நவம்பர்ல 33ஆ குறைஞ்சுதான் போச்சு. அப்படி இறங்கிட்டிருந்தவரை 1933 ஜனவரி 30 அன்னிக்குக் கூப்பிட்டு சான்சலர் (நம்ம பிரதமர் மாதிரி) ஆக்குனவர் ஜனாதிபதி ஹிண்டன்பர்க், 'இவரை நம்ம கைக்குள்ள வெச்சுக்கலாம்'னு நெனச்ச பழைய அரசியல்வாதிங்க பேச்சைக் கேட்டு. இந்தப் படி அந்த வரியில இல்லவே இல்லையேன்னு எனக்கு ஆத்தாமையா இருக்கு.

ஒரு பேப்பர்ல 1919, 1923, 1928, 1929, 1932, 1933னு எழுதி, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல 'அதனால'ன்னு போட்டு மீதியை அவனையே சொல்லச் சொல்லுங்க. 1928 கிட்ட வரும்போது 'அதனால' பொருந்தாது, 'ஆனா'ன்னுதான் வரும். அங்க அவனை அவசரப்படுத்தாதீங்க.