தார் ரோட்டில் போக ஃபோர்-வீல் டிரைவ் எதற்கு?

கேள்வி: அடிலெய்டில் இருக்கிறோம். ஜூலை பள்ளி விடுமுறையில் ஐந்து வயது மகன், இரண்டு வயது மகளுடன் கூபர் பெடி வழியாக, நாட்டின் நடுவில் இருக்கும் உலூரு பாறைக்குப் போய்வர நினைக்கிறோம். வீட்டில் இருப்பது சாதாரண எஸ்யூவி. 'அவுட்பேக் (ஆளில்லாத உள்நாட்டு வறண்ட பகுதி) என்றால் ஃபோர்-வீல் டிரைவ் கேம்பர்வேன்தான் பாதுகாப்பு' என்கிறார்கள் நண்பர்கள். வாடகை நிறுவனத்தில் விசாரித்தால், தினமும் கூடுதலாக ஒரு தொகை கட்டினால் எக்ஸஸ் (வண்டி சேதமானால் நாம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை) பூஜ்யம், கவலையே வேண்டாம் என்கிறார்கள். எடுக்கலாமா? சாட்டிலைட் போனும் வாங்க வேண்டுமா?

பதில்: முதலில் ரோட்டைப் பாருங்கள், அப்புறம் வண்டி. நீங்கள் வடக்கே போகும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை 1987-லேயே முழுக்கத் தார் ரோடாகிவிட்டது. எர்ல்டண்டாவில் பிரிந்து உலூரு போகும் லாசெட்டர் நெடுஞ்சாலையும் தார்தான். கிங்ஸ் கேன்யன் வரை போனாலும் அப்படியே. போக மட்டும் ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். சர்வீஸ் செய்து, டயரும் ஸ்டெப்னியும் நல்ல நிலையில் இருந்தால் உங்கள் எஸ்யூவி தாராளமாகப் போதும். ஃபோர்-வீல் டிரைவ் கேட்பது ஊட்னடட்டா டிராக் மாதிரியான மண் ரோடுகள். அதற்காக வாடகைக்கு எடுத்தாலும், எந்தெந்த மண் ரோட்டில் ஓட்டலாம் என்று ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருப்பார்கள். வண்டியால் முடியும் என்பது வேறு, ஒப்பந்தம் விடும் என்பது வேறு.

'எக்ஸஸ் பூஜ்யம்' என்ற வார்த்தையில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். விளம்பரத்தை விட்டுவிட்டு, ஒப்பந்தத்தில் 'இவற்றுக்குப் பொருந்தாது' என்ற பகுதியைத் திறங்கள். பல நிறுவனங்களில் அந்தப் பட்டியல் இப்படிப் போகும்: அனுமதியில்லாத மண் ரோடு, வண்டியின் கூரை, அடிப்பாகம், தண்ணீரில் இறக்கியது, வேறு வண்டி மோதாமல் தானாகக் கவிழ்ந்தது, ஊருக்கு வெளியே இருட்டிய பிறகு ஓட்டியது. அவுட்பேக்கில் நடக்கக்கூடியதெல்லாம் அதில்தான் இருக்கிறது! ஜூலையில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். கங்காருக்கள் ரோட்டுக்கு வருவதும் அந்த நேரத்தில்தான். மகள் தூங்கட்டும் என்று மாலையில் இன்னும் நூறு கிலோமீட்டர் ஓட்டி, கங்காரு மோதினால், தினமும் கட்டிய தொகை உதவாமலே போகலாம். பயணக் காப்பீட்டில் வரும் 'வாடகை வண்டி எக்ஸஸ்' பிரிவு பெரும்பாலும் மலிவு. ஆனால் கேம்பர்வேனுக்குச் செல்லுமா என்று பாருங்கள். வாடகை ஒப்பந்தத்தை நீங்கள் மீறியிருந்தால் இதுவும் கைகொடுக்காது.

நியாயமற்ற ஒப்பந்த ஷரத்துகளுக்கு 2023 நவம்பர் முதல் அபராதம் உண்டு என்பது உண்மை. ஆனால் ஏசிசிசி என்கிற மத்திய நுகர்வோர் ஆணையம் உங்கள் தனிப்பட்ட தகராறைத் தீர்த்துவைக்காது. மாநில நுகர்வோர் அலுவலகத்துக்கு அலைய வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அரை மணி நேரம் உட்கார்ந்து படிப்பது அதைவிட லாபம்.

சொந்தக் கார்தான் என்று முடிவானால், மிச்சமாகும் பணத்தில் கொஞ்சத்தை இரண்டு இடத்தில் போடுங்கள். ஒன்று, சாலையோர உதவித் திட்டம். ஆர்ஏஏ என்கிற தெற்கு ஆஸ்திரேலிய வாகன ஓட்டிகள் சங்கத்தில் உறுப்பினரா? அடிப்படைத் திட்டத்தில் எத்தனை கிலோமீட்டர் இழுத்து வருவார்கள் என்று கேளுங்கள். அந்த எண் நகரத்துக்குப் போதும். கூபர் பெடிக்கு வடக்கே சிரிப்பாக இருக்கும். மேல்நிலைத் திட்டத்துக்கு மாறுங்கள். இரண்டு, கார் கண்ணாடிக்கான காப்பீடு. அந்த வழியில் ஓடும் ரோடு டிரெயின் லாரிகள் (பின்னால் பல டிரெய்லர்களை இழுப்பவை) 53.5 மீட்டர் வரை நீளமிருக்கும்; எதிரே ஒன்று வந்தால் கல் தெறிப்பது சகஜம்.

ஆம்புலன்ஸையும் மறக்காதீர்கள். அதற்கு அரசு மருத்துவத் திட்டமான மெடிகேர் பணம் தராது. தனியாக ஆம்புலன்ஸ் காப்பு இருக்கிறதா, உலூரு இருக்கும் வட பிரதேசத்திலும் (நார்தர்ன் டெரிட்டரி) செல்லுமா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

சாட்டிலைட் போன் வேண்டாம். இந்த ரோட்டில் வண்டி நடமாட்டம் உண்டு. மன நிம்மதிக்கு ஏதாவது வேண்டுமென்றால் பிஎல்பி என்கிற அவசர பீக்கன் (ஆபத்தில் சாட்டிலைட் வழியாக உதவி கேட்கும் சின்னக் கருவி) வாங்குங்கள். மாதக் கட்டணம் கிடையாது, ஆம்சா என்கிற கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்வதும் இலவசம். வெளிநாட்டு இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள், அதில் வேறு நாட்டின் குறியீடு இருக்கும். போனுக்கு டெல்ஸ்ட்ரா நிறுவனத்தின் சிம். மலிவு சிம்களில் சில டெல்ஸ்ட்ரா பெயரைச் சொன்னாலும் அதன் வலையமைப்பில் ஒரு பகுதியைத்தான் தருகின்றன. எப்படியும் ரோடுஹவுஸ்களுக்கு (பெட்ரோலும் சாப்பாடும் கிடைக்கும் வழியோர நிறுத்தங்கள்) நடுவே சிக்னல் இராது. குழந்தைகளுக்கான கார்ட்டூனை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

க்ளெண்டாம்போவுக்கும் கூபர் பெடிக்கும் நடுவே சுமார் 250 கிலோமீட்டருக்கு பெட்ரோல் கிடையாது. பாதி டாங்க் ஆனதும் நிரப்பிவிடுவது நல்லது, விலை உறுத்தினாலும். வட பிரதேசப் பக்கம் சாதாரண பெட்ரோலுக்குப் பதில் 'ஓபல்' என்று எழுதியிருந்தால் பயப்படாதீர்கள். முகர்ந்து போதையேற்றிக்கொள்வதைத் தடுக்கக் கொண்டுவந்த பெட்ரோல் அது. சாதாரண பெட்ரோலில் ஓடும் வண்டி அதிலும் ஓடும்.

கேள்வி: மெல்போர்னிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு விமானத்தில் போய், அங்கே மூன்று நாளுக்கு கார் எடுத்தால் மலிவா? இணையத்தில் நாள் வாடகை குறைவாகத்தான் இருக்கிறது.

பதில்: நாள் வாடகைக்குக் கீழே சின்ன எழுத்தில் கிலோமீட்டர் வரம்பு இருக்கும், அதைப் பாருங்கள். வட பிரதேசத்தில் ஒரு நாளுக்கு 100 கிலோமீட்டர் என்பது வழக்கமாகக் காணும் வரம்பு. ஆலிஸிலிருந்து உலூரு பக்கத்திலேயே இருப்பதாக நினைக்காதீர்கள். போய்வர 900 கிலோமீட்டர். மூன்று நாளுக்கு 300 போக, 600-க்குத் தனிக் கட்டணம். கிலோமீட்டருக்கு 25 சென்ட் என்று வைத்தால் 150 டாலர். உலூருவை மட்டும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் அதன் பக்கத்து ஊரான யுலாராவின் விமான நிலையத்துக்கே டிக்கெட் விலை பார்த்து, இரண்டு வழிக்கும் மொத்தச் செலவைக் கூட்டி ஒப்பிடுங்கள்.

கேள்வி: சென்னையில் வாங்கிய கார் சீட் நல்ல நிலையில் இருக்கிறது. பயணத்துக்கு அதையே பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. ஆஸ்திரேலியாவில் ஏஎஸ்/என்இசட்எஸ் 1754 என்ற தர முத்திரை உள்ள சீட்தான் சட்டப்படி செல்லும். ஏழு வயது வரை குழந்தைகளுக்கு வயதுக்கேற்ற சீட் கட்டாயம். சீட்டின் உச்சியிலிருந்து பின்னால் போகும் பட்டையை மாட்ட காரில் கொக்கி இருக்க வேண்டும். கேம்பர்வேன் எடுப்பவர்கள், அந்தக் கொக்கி எந்த இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது என்று புகைப்படமே கேட்டு வாங்குங்கள். சில வண்டிகளில் ஒரே ஒரு இருக்கையில்தான் இருக்கும், இரண்டு குழந்தை என்றால் அங்கேயே திட்டம் கெட்டுவிடும். சீட்டை நாள் வாடகைக்கு எடுப்பதானால் மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள், பத்து நாளில் புது சீட் விலையே வந்துவிடலாம்.