பாவம் என்று ஓர் அணி

அன்புள்ள ஆசிரியருக்கு,

கால்பந்து உலகக்கோப்பையில் நான் சின்ன வயதிலிருந்து ஆதரித்துவந்த அணி காலிறுதியோடு வெளியேறிவிட்டது. அதன் பெயரை எழுதக்கூட மனம் வரவில்லை. இன்னும் நான்கு அணிகள் இருக்கின்றன. யாரையும் ஆதரிக்காமல் ஆட்டம் பார்ப்பது முன்பின் தெரியாதவர் வீட்டுக் கல்யாண வீடியோவைப் பார்ப்பதுபோல இருக்கிறது. அதனால் ஒரு அட்டவணை போட்டேன். யார் யாரைக் காலனியாக வைத்திருந்தார்கள், எந்த வீரருக்கு இது கடைசி உலகக்கோப்பை, எங்களைத் தோற்கடித்தது யார், இதுவரை கோப்பையைத் தொடாதவர்கள் யார் என்றெல்லாம். கடைசியில், பாவம், அந்தச் சின்ன அணியே ஜெயிக்கட்டும் என்று முடிவுசெய்திருக்கிறேன். நண்பர்கள் கட்சி தாவிவிட்டதாகக் கிண்டல் செய்கிறார்கள். அரையிறுதியில் வந்து ஓர் அணியைத் தேர்ந்தெடுப்பது சரிதானா?

எம்.

அன்புள்ள எம்.,

சரிதான். தாராளமாகத் தேர்ந்தெடுங்கள்.

கட்சி தாவல் என்று சொல்லும் நண்பர்களிடம் 1990 அரையிறுதியை ஞாபகப்படுத்துங்கள். இத்தாலியும் அர்ஜென்டினாவும் மோதிய ஆட்டம், நடந்த இடம் நேப்பிள்ஸ். அந்த ஊர் கிளப்புக்கு இரண்டு முறை லீக் பட்டம் வாங்கிக்கொடுத்த அர்ஜென்டினாவின் மரடோனா, மற்ற இத்தாலியர்கள் உங்களை வேற்றாள் மாதிரிதானே நடத்துகிறார்கள், எனக்கு ஆதரவு கொடுங்கள் என்று அந்த ஊர்க்காரர்களிடமே வெளிப்படையாகக் கேட்டார். சொந்த நாடு ஒரு பக்கம், சொந்த ஊரின் செல்லப்பிள்ளை மறுபக்கம். அவர்கள் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் உங்களுடையது ஒரு சிக்கலே இல்லை.

அட்டவணையைக் கிழித்துவிடலாம். 2022இல் மொராக்கோவும் பிரான்சும் அரையிறுதியில் மோதியபோது பலரும் அதைக் காலனிக் கணக்கு தீர்க்கும் ஆட்டம் என்றார்கள். மொராக்கோ அணியின் 26 பேரில் 14 பேர் அந்த நாட்டுக்கு வெளியே பிறந்தவர்கள். பயிற்சியாளர் ரெக்ராகி பிறந்ததே பிரான்சில்தான். எதிரே எம்பாப்பேயின் அப்பா கேமரூன்காரர், அம்மாவின் குடும்பம் அல்ஜீரியாவிலிருந்து வந்தது. உங்கள் அட்டவணையில் இவர்களை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்? தோற்கடித்தவர்கள் நாசமாகப் போகட்டும் என்பது சின்னப்பிள்ளைத்தனம். எனக்கும் அது உண்டு, விடுங்கள்.

என்னால் விட முடியாதது ஒன்றுதான். கடிதத்தில் இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவே, போகிறபோக்கில் ஒரு "பாவம்" போட்டிருக்கிறீர்கள். கோபமாக வருகிறது. யார் பாவம்? உலகக்கோப்பை அரையிறுதி வரைக்கும் வந்த ஆட்களா? சோபாவில் சாய்ந்துகொண்டு அவர்களுக்கு இரக்கம் தர நீங்கள் யார்?

உங்களைத் திட்டும் சாக்கில் என்னைத்தான் திட்டிக்கொள்கிறேன். 2010 ஜூலை 2, ஜோகன்னஸ்பர்க்கில் உருகுவே–கானா காலிறுதி. என் அணி அதற்கு முன்பே மூட்டை கட்டியிருந்தது. ஆட்டம் தொடங்கக் கால் மணி நேரம் இருக்கையில் நான் கானாக்காரன் ஆனேன். ஆப்பிரிக்காவிலிருந்து அதுவரை ஓர் அணிகூட அரையிறுதிக்குப் போனதில்லை. 1990இல் கேமரூனும் 2002இல் செனகலும் காலிறுதியோடு நின்றுவிட்டன. அதனால், பாவம், கானா.

அண்ணன் பக்கத்தில் இருந்தான். அவனுக்கு உருகுவே. என்னோடு மல்லுக்கட்டத்தான் அப்படிச் சொல்கிறான் என்று நினைத்தேன். "சின்ன அணின்னு யாரைச் சொல்றே? உருகுவேயோட மொத்த ஜனத்தொகையே முப்பத்தஞ்சு லட்சத்துக்குள்ளதான். கானால ரெண்டு கோடிக்கு மேல" என்றான். அவர்கள் 1930லும் 1950லும் கோப்பை வாங்கியவர்கள் என்றேன். "வாங்கினவங்க யாரும் இன்னிக்கு ஆடலையே" என்றான். பதில் இல்லை. ஆனால் அன்று நான் பதில் தேடும் நிலையில் இல்லை.

கானாவின் முன்டாரி நெடுந்தூரத்திலிருந்து அடித்த கோலையும் அதைச் சமன்செய்த உருகுவே வீரர் ஃபோர்லானின் ஃப்ரீ கிக்கையும் பார்த்திருப்பீர்கள். கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் கானாவின் அடியா தலையால் முட்டிய பந்து கோட்டைத் தாண்டப்போகும்போது உருகுவேயின் சுவாரஸ் கையால் தடுத்தார். அவருக்குச் சிவப்பு அட்டை, கானாவுக்குப் பெனால்டி. அசமோவா ஜ்யான் வந்தார். அந்தத் தொடரில் செர்பியாவுக்கு எதிராகவும் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகவும் பெனால்டியில் கோல் போட்டவர். இந்தப் பந்து கோலின் மேல்கம்பியான கிராஸ்பாரில் பட்டு மேலே போனது.

மோசடி, திருட்டு என்று கத்தினேன். விதி என்ன சொல்கிறதோ அந்தத் தண்டனையை நடுவர் முழுதாகக் கொடுத்துவிட்டார் என்பதெல்லாம் அப்போது காதில் ஏறாது. எழுந்து படுக்கப் போனேன். கதவருகே போகும்போது அண்ணன் கேட்டான்: "கானா உனக்கு எத்தனை நாளா?"

எம்., ஆட்டம் சமனில் முடிந்ததால் இரு அணியும் மாறி மாறிப் பெனால்டி அடித்த ஷூட் அவுட்டை நான் பார்க்கவில்லை. பாவம் பார்க்க வந்தவன், பார்த்தாயிற்று, கிளம்பிவிட்டேன். உருகுவே 4–2 என்று காலையில் தெரிந்துகொண்டேன். பல வருடம் கழித்துத்தான் பதிவில் பார்த்தேன். கானாவின் முதல் பெனால்டியை அடிக்க நடந்து வருவது யார் தெரியுமா? ஜ்யான். சில நிமிடங்களுக்கு முன் தவறவிட்ட அதே ஆள். பின்னால் அடிக்கிறேன் என்று ஒதுங்கவில்லை. பந்தை வைத்தார், மேல் மூலையில் அடித்தார், கோல். அந்த நேரத்தில் நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவருக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த வீடியோவைப் பார்த்தபோது வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

2022இல் இதே இரண்டு அணிகளும் குழுச் சுற்றில் மறுபடி மோதின. கானா 2–0 என்று தோற்று வெளியேறியது. ஆனால் அதே குழுவின் இன்னோர் ஆட்டத்தில் தென்கொரியா கடைசி நேரத்தில் போர்ச்சுகலை வென்றதால் உருகுவேயும் வெளியே. பெஞ்சில் சுவாரஸ் அழுதார். தோற்றுப்போன கானா ரசிகர்களுக்கு அப்படியொரு சந்தோஷம். பன்னிரண்டு வருடம் ஒரு பகையைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் அவர்கள். எனக்கு அதில் பங்கு கேட்க உரிமை கிடையாது.

உங்கள் நான்கு அணிகளைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் எங்கேயோ போய்விட்டேன். அந்தச் சின்ன அணியையே ஆதரியுங்கள், தடையில்லை. அதில் மூன்று பேர் பெயராவது தெரிந்துகொள்ளுங்கள். தோற்றால் டிவியை அணைக்காதீர்கள். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தையும் பாருங்கள். அது எதற்கு என்று கேட்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

2010இல் அந்த ஆட்டம் உருகுவேக்கும் ஜெர்மனிக்கும். அண்ணனும் நானும் அதுவரை சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. கதவில் சாய்ந்து நின்றபடிதான் பார்த்தேன். ஜெர்மனி 3–2 என்று முன்னால் இருந்தது. கடைசி நொடியில் ஃபோர்லானுக்கு ஒரு ஃப்ரீ கிக். அடித்தார். கிராஸ்பார். விசில் ஊதிவிட்டார்கள்.

"ச்சே!" என்று ஒரு சத்தம் வந்தது. என் வாயிலிருந்துதான். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தான். இந்த முறை அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், எட்டு நாளாக என்று.