'சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன்' என்று எழுதும் முன்

கேள்வி: நடைப்பயிற்சியைக் கணக்கிடும் ஒரு செயலியை நிறுவினேன். எதையும் படிக்காமல் 'ஏற்கிறேன்' என்று அழுத்திவிட்டேன். சில நாளில் என் போனில் இருந்த எல்லோருக்கும் என் பெயரில் அழைப்புச் செய்தி போயிருக்கிறது. அலுவலகத்தில் தலைகாட்ட முடியவில்லை. புகார் எழுதினால் அச்சடித்த மாதிரி ஒரே பதில்தான் வருகிறது. என் தரவை முழுக்க அழிக்கச் சொல்லிவிட்டு வழக்குப் போடப் போகிறேன். ஜெயிப்பேனா?

பதில்: படிக்காமல் அழுத்தியது, அலுவலகச் சங்கடம், கஸ்டமர் கேரின் அலட்சியம் எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். கேள்வி ஒன்றுதான். நீங்கள் அழுத்திய அந்த நொடியில், 'உங்கள் தொடர்புப் பட்டியலை எடுப்போம், அதில் உள்ளவர்களுக்குச் செய்தி அனுப்புவோம்' என்று திரையில் தெளிவாகச் சொன்னார்களா? சொன்னோம், சம்மதம் வாங்கினோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரின் பிரிவு 7(1), இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 6(10) இரண்டும் அதையே சொல்கின்றன. (இந்தியச் சட்டம் கட்டம் கட்டமாக அமலுக்கு வருகிறது, சம்பவத் தேதியில் எது அமலில் இருந்தது என்று பார்த்துப் பிரிவைக் குறிப்பிடுங்கள்.)

'தொடர்புகளை அணுக அனுமதி கொடுத்தாரே' என்பார்கள். போன் காட்டும் அந்தப் பெட்டி செயலிக்குக் கதவைத் திறந்துவிடுவது. ஊருக்கெல்லாம் செய்தி அனுப்பச் சம்மதம் என்று அதற்குப் பொருளில்லை. ஆனால் ஐபோனில் அந்தப் பெட்டிக்குள் நோக்கத்தை ஒரு வரியில் நிறுவனமே எழுதும். அந்த வரியைப் படம் பிடித்து வையுங்கள்.

இனி உங்கள் திட்டம். இந்த வரிசையில்தான் பலர் தங்கள் வழக்கைத் தாங்களே புதைக்கிறார்கள். அழிக்கச் சொன்னால் அழித்துவிடுவார்கள். உங்களுக்கு வேண்டிய சாட்சியமும் சேர்ந்து போகும். பிறகு உங்கள் தரவின் நகல் கேட்டால் 'உங்கள் பெயரில் எந்தத் தரவும் இல்லை' என்று பதில் வரும், அது உண்மையாகவும் இருக்கும். ஆகவே முதலில் நகல் கேளுங்கள்: சம்மதம் பதிவான தேதி, நேரம், அன்று காட்டிய அறிவிப்பின் பதிப்பு, எடுத்த தொடர்புகள், யாருக்குக் கொடுத்தார்கள் என்பது பெயரோடு. 'எங்கள் கூட்டாளிகள்' என்ற மழுப்பல் போதாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2023 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. ஜிடிபிஆரில் பதிலுக்கு ஒரு மாதம் கெடு. அது கைக்கு வரும்வரை கணக்கை மூடாதீர்கள், செயலியையும் நீக்காதீர்கள். போன் அமைப்பில் தொடர்பு அனுமதியை மட்டும் அணைத்துவிடுங்கள்.

அடுத்த பள்ளம் வார்த்தையில் இருக்கிறது. 'என் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன்' என்று வெறுமனே எழுதினால், அதுவரை சம்மதம் இருந்ததாக நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். திரும்பப் பெறுவது அதற்கு முன் நடந்ததைச் சட்டவிரோதமாக்காது என்று இரண்டு சட்டங்களும் சொல்கின்றன. எதிர்தரப்பு வக்கீல் அந்த வரியைத்தான் பிடித்துக்கொள்வார். இப்படி எழுதுங்கள்: 'நான் செல்லத்தக்க சம்மதம் எதுவும் தரவில்லை. தந்ததாகக் கருதப்பட்டாலும், என் மற்ற உரிமைகளுக்குப் பாதகமின்றி, இன்றுமுதல் அதைத் திரும்பப் பெறுகிறேன்.'

பணம் எதிர்பார்க்கிறீர்கள் என்றால் குறைவாகவே எதிர்பாருங்கள். ஐரோப்பாவில் விதிமீறல் மட்டும் போதாது, பாதிப்பையும் காட்ட வேண்டும் என்பது 2023 மே மாதத் தீர்ப்பு. இந்தியச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம், ஆனால் அது அரசின் தொகுப்பு நிதிக்குப் போகிறது. உங்களுக்கு இழப்பீடு தரும் பிரிவு அதில் இல்லை. பொய்ப் புகார் என்றானால் உங்களுக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

நகல் கிடைத்ததும் சமரசம் பேசுங்கள். தரவு அழிப்பு, அதை வாங்கியவர்களிடமும் அழிக்கச் சொன்னதற்கு எழுத்துமூல உறுதி, உங்கள் நண்பர்களுக்கு நிறுவனத்தின் பெயரில் ஒரு விளக்கக் கடிதம். இந்த மூன்றும் வந்தால் வாங்கிக்கொண்டு நகருங்கள். கையெழுத்திடும் தாளில் 'இனி எழும் எல்லா உரிமைகளையும் விட்டுக்கொடுக்கிறேன்' என்ற வரி இருந்தால் மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள். நண்பர்கள் சார்பாக எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவர்களின் எண்களுக்கான புகார் அவர்களுடையது.