கோர்ஃப் கோட்டையை இடித்தது யார்?

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன வாரம் டார்செட் பக்கம் கோர்ஃப் கோட்டைக்குக் கூட்டிப்போனான். குன்றின் மேல் பாதி மதில் நிற்கிறது, மீதி சரிந்து கிடக்கிறது. பீரங்கி வந்ததும் ஐரோப்பாவின் இடைக்காலக் கோட்டைகள் இப்படி நொறுங்கின என்று எப்போதோ படித்த ஞாபகம். அது சரிதானா? இவ்வளவு வசதியுள்ள நாடு, இதைத் திரும்பக் கட்டாமல் ஏன் விட்டுவைத்திருக்கிறது?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் பார்த்த அந்தச் சரிவு பீரங்கியால் வந்ததில்லை. சண்டையெல்லாம் முடிந்த பிறகு, நாடாளுமன்றம் உத்தரவு போட்டு, ஆள் வைத்து இடித்தது.

கோர்ஃப் 11ஆம் நூற்றாண்டில் வில்லியம் மன்னர் காலத்தில் தொடங்கிய அரசக் கோட்டை. 1630களில் அதை வாங்கியவர், பின்னாளில் தலைமை நீதிபதியான ஜான் பேங்க்ஸ். மன்னர் முதலாம் சார்லஸுக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்டபோது அவர் மன்னரோடு இருந்தார். கோட்டையைக் காத்தது அவர் மனைவி மேரி பேங்க்ஸ். 1643இல் சில வாரங்கள் நீடித்த முற்றுகையைச் சிறு படையை வைத்துக்கொண்டே முறியடித்தார். பீரங்கியும் அப்போது வந்தது, ஆனால் கோட்டையைப் பிடித்துத் தரவில்லை. 1646 பிப்ரவரியில் கோட்டை விழுந்தது உள்ளிருந்த அதிகாரி ஒருவர் செய்த துரோகத்தால். உதவிப்படை என்று சொல்லி எதிரி வீரர்களையே உள்ளே அழைத்து வந்துவிட்டார்.

அடுத்த மாதமே இடிக்கும் உத்தரவு வந்தது. மதிலுக்கு அடியில் தோண்டி, வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். தென்மேற்கு வாயிலைக் கவனித்தீர்களா? அதன் ஒரு பக்கக் கோபுரம் உடையாமல், அப்படியே முழுசாகக் கீழே இறங்கி நிற்கும். அடித்தளத்தைப் பறித்தால்தான் அப்படி இறங்கும். குண்டு பட்டிருந்தால் மேல்பகுதி சிதறியிருக்கும்.

வேல்ஸில் உள்ள ராக்லன் கோட்டையும் அதே 1646இல் சரணடைந்தது. அங்கே அறுகோணமான பெரிய கோபுரத்தை முதலில் உச்சியிலிருந்து கடப்பாரையால் இடித்துப் பார்த்தார்கள், முடியவில்லை. பிறகு அடியில் இரண்டு பக்கச் சுவர்களைக் குடைந்து, மரத்தால் முட்டுக்கொடுத்து, அந்த மரத்துக்குத் தீ வைத்தார்கள். முட்டு எரிந்ததும் இரண்டு பக்கமும் மொத்தமாக விழுந்தன. மற்ற பக்கங்கள் இன்றும் நிற்கின்றன.

ஏன் இத்தனை பாடு? பிடித்த கோட்டையைத் தாங்களே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். யார்க்‌ஷயரில் உள்ள பாண்டிஃப்ராக்ட் அதற்குப் பதில் சொல்கிறது. நாடாளுமன்றப் படை 1645இல் பிடித்த கோட்டை அது. 1648இல் மன்னர் ஆட்கள், படுக்கை கொண்டு வருபவர்கள்போல் வேடமிட்டு நுழைந்து திரும்பக் கைப்பற்றினார்கள். 1649 ஜனவரியில் மன்னரின் தலையே வெட்டப்பட்ட பிறகும் மார்ச் வரை அது பணியவில்லை. ஒரு கோட்டை நின்றால் அடுத்த கலகத்துக்கு இடம் தயார். இதில் என்னை மிகவும் பாதிப்பது, அதை இடிக்கச் சொல்லி மனுக் கொடுத்தவர்களில் ஊர்மக்களும் உண்டு என்பது. மூன்று முற்றுகைகளை வாசலில் பார்த்தவர்கள் அவர்கள். நாம் அழகு என்று படம் எடுக்கிற மதில், அவர்களுக்குப் பசியும் தீயும்.

பிரான்ஸில் இதே வேலையை மன்னரின் முதன்மை அமைச்சர் ரிஷெலியு இன்னும் திட்டமிட்டுச் செய்தார். எல்லையைக் காக்கத் தேவைப்படாத உள்நாட்டுக் கோட்டைகளை இடிக்க 1626இல் அரசாணை வந்தது. பிரபுக்கள் மன்னரை எதிர்த்து ஒதுங்க இடமிருக்கக் கூடாது என்பதுதான் நோக்கம்.

பீரங்கிக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. பீரங்கி வந்த பிறகு புதிய கோட்டைகளைத் தாழ்வாக, தடித்த மண்கரையோடு கட்டினார்கள். உயரமான பழைய மதில்களுக்கு மதிப்புக் குறைந்தது. ஆனால் மதிப்புக் குறைந்த கட்டடம் தானாக விழாது. யாராவது இடிக்க வேண்டும், அப்புறம் யாராவது கல்லை எடுத்துப்போக வேண்டும். கோர்ஃப் கிராமத்து வீடுகளில் கோட்டைக் கல் இருக்கிறது. ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் டிராகன்ஃபெல்ஸ் மலையை கொலோன் தேவாலயத்துக் கல்லுக்காக வெட்டி வெட்டி, மேலே இருந்த கோட்டைக்கே ஆபத்து வந்தது. 1836இல் பிரஷ்ய அரசு மலையை விலைக்கு வாங்கித்தான் அதை நிறுத்தியது.

திரும்பக் கட்டுவது பற்றி: பிரான்ஸில் பியர்ஃபோனைக் கட்டினார்கள். 1617இல் சிதைத்த கோட்டை அது. பேரரசர் மூன்றாம் நெப்போலியனுக்காக வியோலே-ல-டியூக் என்ற கட்டடக் கலைஞர் 1857இல் வேலையைத் தொடங்கினார். பார்க்கப் பிரமாதமாக இருக்கும், ஆனால் அங்கே நாம் பார்ப்பதில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டுக் கற்பனை. எங்கே பழைய கல் முடிகிறது, எங்கே அவர் தொடங்குகிறார் என்று சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்திலேயே கூசி கோட்டை. அதன் மாபெரும் கோபுரத்தை 1917இல் பின்வாங்கிய ஜெர்மன் படை 28 டன் வெடிமருந்து வைத்துத் தகர்த்தது. பிரெஞ்சுக்காரர்கள் அதைத் திரும்பக் கட்டவில்லை, நடந்ததற்குச் சாட்சியாக விட்டுவிட்டார்கள். நான் கூசியின் பக்கம். கோர்ஃபைக் கட்டி முடித்தால் மேரி பேங்க்ஸின் முற்றுகையும் அந்தத் துரோகமும் உத்தரவும் காணாமல் போகும். அங்கே நடந்ததைச் சொல்வதே அந்தச் சரிவுதான்.

மகன் மறுபடி கூட்டிப்போவதாகச் சொன்னால் ராக்லனைக் கேளுங்கள். பெரிய கோபுரத்தின் அடியில் போய் நின்று, சுவர் எந்த இடத்தில் பிளந்திருக்கிறது என்று பாருங்கள். குடைந்த பக்கம் எது என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும்.